மர்ளியாவின் கொரியாத் தேத்தண்ணி

கனமூலையில் மர்ளியாவின் பெயரைச் சொன்னால் முதலில் வாயில் எச்சில் ஊறும். ஆளின் முகம் அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வரும். நாற்பத்தெட்டு வயது. உரல் மாதிரி நிலத்தில் ஊன்றி நிற்கிற குட்டை உடம்பு. நினைத்த நேரத்தில் தனியாக மேலே ஏறுகிற இடது புருவம். ஊரில் கல்யாணமோ கந்தூரியோ, எது நடந்தாலும் பெரிய சமையல் கிடாரத்துக்கு முன்னால் அவள்தான் நிற்பாள். மதுரங்குளிச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் காற்றை மோந்து பார்த்து, "இண்டைக்கு மர்ளியா ஆக்குறா" என்று சொல்லிவிட்டு, அழைக்காத கல்யாணத்துக்கும் போய்க் குந்திவிடுவார்கள். ஒரு முறை கொழும்புக்குப் போக வேண்டிய பஸ்ஸே வாசத்தைப் பிடித்துக்கொண்டு கனமூலைப் பாதையில் திரும்பியதாகவும் ஒரு கதை உண்டு. அதைப் பாதி நம்பினால் போதும். பஸ் திரும்பியது உண்மை, காரணத்தில்தான் சந்தேகம்.

அவளிடம் ஓர் அகப்பை இருந்தது. செம்புத் தலை, கித்துள் மரக் காம்பு, ஓர் ஆள் நீளம். ஊரின் தலைச் சமையற்காரிக்கென்று கைமாறிக் கைமாறி வருவது. அதைப் பிடித்தவள்தான் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கிடாரத்தின் மூடியைத் திறப்பாள். முதல் பிடிச் சோற்றை ருசி பார்ப்பாள். மற்றவர்கள் சுற்றியிருந்து வெங்காயம் உரிக்க வேண்டியதுதான்.

மர்ளியாவுக்கு இரண்டு பெருமைகள். எதை வாயில் வைத்தாலும் அதில் போட்டது என்னவென்று அவள் நாக்கு சொல்லிவிடும். இது ஒன்று. மற்றது, கிடாரம் ஏற்றும்போதெல்லாம் அவள் சொல்லும் வசனம்: "என்ட கிடாரத்தில தீஞ்ச சோறு கண்ட ஆள் ஈந்தா முன்னால வரட்டும்." முப்பது வருடமாக ஒருவரும் முன்னால் வரவில்லை.

வராததற்குக் காரணம் மர்ளியாவுக்கும் படைத்தவனுக்கும் மட்டுமே தெரியும். அவளுடைய கிடாரமும் எல்லார் கிடாரத்தையும் போல அடிப்பிடிக்கத்தான் செய்தது. தீயும் வாசம் மூக்கில் முட்டியதும், "நான் ஓதி ஊதணும், எல்லாரும் வெளிய போங்க" என்று பந்தலைக் காலி செய்துவிடுவாள். பிறகு மேல் சோற்றைப் பதமாக அள்ளிச் சவனுக்கு மாற்றுவாள். சவன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெருந்தட்டு. அதில் குவித்த சோறு பூப்போல இருக்கும். அடியில் பொன்னிறமாய், சில நாள் கரிநிறமாய் ஒட்டிக்கொண்டிருப்பதன்மேல் வெந்நீரை ஊற்றி, சுரண்டி, ஒரு கல் உப்புப் போட்டு, முருங்கை மரத்துக்குப் பின்னால் நின்று முழுவதையும் அவளே குடித்துவிடுவாள். குற்றத்தை மறைக்க வயிற்றைவிட நல்ல இடம் கிடையாது. முப்பது வருடம் குடித்ததில் அந்தத் தண்ணீர் அவளுக்குப் பிடித்தும் போயிருந்தது. அதை யாரிடம் சொல்ல?

ஊரில் ஒரு பேச்சு உண்டு: சட்டியைச் சுரண்டித் தின்கிற குமரியின் கல்யாணத்தில் மழை கொட்டும் என்று. மர்ளியாவின் கல்யாணத்தில் மூன்று நாள் மழை. மாப்பிள்ளை ஹயாத்து முகம்மது பந்தலுக்குள் வள்ளத்தில் வந்து இறங்கினார் என்றும், அவருடைய தொப்பிக்குள் ஒரு மணலை மீன் இருந்தது என்றும் இன்றைக்கும் சொல்வார்கள். "அது மாசத்து மழ" என்று மர்ளியா சொன்னாள். எந்த மாதம் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்கக்கூடிய ஒரே ஆள் சித்தி லெய்லா. மர்ளியாவின் தம்பி மனைவி. முப்பத்தைந்து வயது, ஒல்லி, வாய் மட்டும் உடம்புக்கு இரண்டு அளவு பெரியது. கை ருசியில் அவள் மர்ளியாவுக்குச் சளைத்தவள் அல்ல. ஒரே ஒரு குறை: கதையில் விழுந்தால் அடுப்பை மறந்துவிடுவாள். மாதத்தில் நாலு தடவை அவள் வீட்டுச் சோறு தீயும். அவள் அதை ஒளிப்பதும் இல்லை. "தீஞ்சா தீஞ்சதுதான். தண்ணி ஊத்திக் குடிங்க" என்று பிள்ளைகளிடம் கோப்பையை நீட்டிவிடுவாள். பதினைந்து வருடமாக மர்ளியாவின் பந்தலில் வெங்காயம் உரித்ததில் அவள் கண் எப்போதும் அகப்பையின் மேலேயே இருந்தது. கண்ணீருக்கு வெங்காயம் மட்டும் காரணமில்லை.

லண்டனில் ஒரு ராஜா பெண் விஷயமாக முடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய், தம்பிக்குச் சூட்ட ஆயத்தம் நடந்துகொண்டிருந்த வருடம் அது. கனமூலையில் அதைவிடப் பெரிய ஆயத்தம் ஒன்று நடந்தது. தென்னந்தோட்டக்காரர் ஹிஸ்புல்லாவின் மூத்த மகளுக்கு, நபி பிறந்த மௌலூது மாதம் தொடங்கியதும் கல்யாணம். புத்தளம், கற்பிட்டி என்று எல்லாப் பக்கமும் சொல்லி முன்னூறு பேருக்குச் சாப்பாடு. பெண்ணின் தாய் பரீனா ஒரு காலை நேரம் மர்ளியாவையும் லெய்லாவையும் கூப்பிட்டுச் சாமான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தலவிலையிலிருந்து கத்தரினா ஜாடிப் பானையோடு வந்து சேர்ந்தாள். ஜாடி என்றால் உப்பும் கொறுக்காய்ப்புளியும் போட்டு ஊற வைத்த மீன். கடலோரத்தில் கத்தரினாவின் ஜாடிக்குத் தனிப் பெயர்.

"எங்கட அன்னம்மா கோயில் திருநாளுக்கு ஒரு புருசனும் பெஞ்சாதியும் வந்து குடிசை போட்டிருக்கிறாங்க" என்றாள் கத்தரினா, பானையை இறக்கி வைத்து. "வேதக்காரர்தான். ஆனா முகத்தப் பாத்தா சீனத்தான் மாதிரி."

"பட்டுத் துணி விக்கிறவனா?" பரீனாவின் கண் விரிந்தது.

"சீனன் இல்லையாம். கொறியா எண்டு சொல்றான்."

"கொறியாவா? என்னத்தக் கொறிக்கிற?"

"அது அவங்கட ஊருக்குப் பேர் பரீனாம்மா. அவன் விக்கிறது ஒரு கிழங்கு. கையும் காலும் வச்சு ஆள் மாதிரியே இருக்கும். கிழவன் திண்டா குமரனாகிறானாம். அது ஆம்பிளையள்ற பாடு. நான் சொல்ல வந்தது அந்தப் பொம்பிளை ஆக்கிறதப் பத்தி. என்ன போட்டிருக்கு எண்டு ஒருத்தருக்கும் பிடிபடல்ல. எங்கட சாமியார்ட குசினிக்காரனே மூண்டு நாள் திண்டு பாத்திட்டுத் தோத்துப் போனான்."

சித்தி லெய்லா பாக்கு வெட்டியைக் கீழே வைத்தாள். "எங்கட மச்சிட நாக்குக்குமா பிடிபடாது?" என்று தேனாகக் கேட்டாள்.

"ஆக்கினது ஆதத்திட மக்களெண்டா, போட்டது என்னண்டு நான் சொல்லுவன்" என்றாள் மர்ளியா.

"சொல்ல ஏலாமப் போனா?"

"போனா அகப்பை ஒனக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது மர்ளியாவுக்கு உறைத்தது. அதற்குள் பரீனா குதூகலமாகி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். பணக்கார வீட்டில் பொழுது மெதுவாகப் போகும். இப்படி ஒன்று கிடைத்தால் விடுவார்களா?

"நான் சாட்சி" என்றாள் பரீனா. "நாளைக்குத் தலவிலக்கி எல்லாரும் போவம். நான் வளையலும் பாயும் வாங்கணும். அகப்பை யார்ட கைக்குப் போகுதோ, அவதான் எங்கட வீட்டுக் கிடாரத்தத் திறக்கிற."

"நான் எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டா?" என்று கேட்டாள் மர்ளியா, லெய்லாவைப் பார்த்து.

"நீங்க சொல்லுங்க மச்சி."

"பந்தலில நீ வாயத் திறக்காம வெங்காயம் உரிக்கணும். நான் கதை எண்டு சொல்லும் வரைக்கும் ஒரு கதையும் கதைக்கப்படாது."

லெய்லாவுக்கு ஒரு கணம் முகம் வெளுத்தது. அகப்பை கிடைக்காமல் பதினைந்து வருடம் இருந்துவிட்டாள். கதைக்காமல் பதினைந்து நிமிடம் இருந்து பழக்கமில்லை. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

மறுநாள் விடிந்ததும், நிலத்துக்குள் புகுந்த கடலாகக் கிடக்கும் களப்பின் கரையில் ஹயாத்து முகம்மதுவின் வள்ளம் காத்திருந்தது. காலையில் தரைக்காற்று வள்ளத்தை மேற்கே தள்ளும். பின்னேரம் கடற்காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வந்து விடும். ஆகையால் அந்த மனுசன் துடுப்புப் பிடித்ததை மர்ளியா கல்யாணத்துக்குப் பிறகு கண்டதில்லை. பாய்மரத்தில் பாயை விரித்துவிட்டு முன் அணியத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நடுவில் மூன்று பெண்கள். அவர்களுக்குக் குறுக்கே, அடக்கத்துக்குப் போகும் மையித்தைப் போல வெள்ளைத் துணியில் சுற்றிய அகப்பை.

"ஏன் இதையும் தூக்கிக்கொண்டு வார?" என்று கேட்டாள் பரீனா.

"தோத்தா அங்கயே குடுத்திடணும் ராத்தா, பொறகு மனசு மாறிடும்" என்று மர்ளியாவுக்கு முன்னால் லெய்லா பதில் சொன்னாள்.

அக்கரையில் கத்தரினா மாட்டு வண்டியோடு நின்றாள். தலவிலையில் மரத்துக்கு மரம் ஓலைக் குடிசைகள், மெழுகுதிரி வாசம், வளையல் கடை, கடலை வறுக்கிற சத்தம். பரீனா ஒவ்வொரு கடையிலும் நின்றதில் குடிசைக்குப் போய்ச் சேர நேரம் உச்சியாகிவிட்டது.

வாசலில் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு மனிதன் நின்றான். அறுபது வயதிருக்கும், ஆனால் அவன் விற்கிற கிழங்குக்கு விளம்பரம்போல நிமிர்ந்து நின்றான். பெயர் பாக் என்றான். அதைக் கத்தோலிக்கர் 'பாக்கியம்' ஆக்கியிருந்தார்கள். ஹயாத்து முகம்மது அவனை உடனே 'பாக்கர் நானா' ஆக்கினார். அவன் எல்லாப் பெயருக்கும் தலையை வளைத்துக் கும்பிட்டான்.

பிறகு குடிசையின் பின்பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னான்: "இரி வா."

சித்தி லெய்லா இரி என்றதைக் கேட்டு மணலில் பொத்தென்று இருந்தாள். வா என்றதைக் கேட்டுப் பரீனா ஓரடி முன்னால் போனாள். பின்பக்கமிருந்து ஒருவரும் வராததைக் கண்டு அந்த மனிதன் மறுபடியும், "இரி வா" என்றான். லெய்லா எழும்பி வந்தாள், பரீனா இருந்துவிட்டாள்.

"இரிக்கிறதா வாறதா? இந்த மனுசனுக்கு ஒரு சொல்லில நிக்கத் தெரியல்ல" என்றாள் லெய்லா, முழங்காலில் மணலைத் தட்டிக்கொண்டு.

அதற்குள் பின்னாலிருந்து அவனுடைய மனைவி வந்து நின்றாள். அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். பினாங்கில் முஸ்லிம் கடைத் தெருவில் பத்து வருடம் கிழங்கு விற்றவன். அங்கே பொறுக்கிய தமிழை வைத்திருந்தான். "நான் அவளே கூப்பிட்டேன். எங்க பாஷை. இரி சொன்னா இங்கே. வா சொன்னா வா."

பரீனா மணலில் இருந்தபடியே இதை யோசித்தாள். "வா எண்டா வாதான் எண்டா, இது எங்கட ஆக்கள்தான். இரி மட்டும் வாற வழியில மாறிப்போச்சு" என்று தீர்ப்புச் சொன்னாள். அன்றிலிருந்து கனமூலையில் கொரியர்கள் வழி தவறிப்போன புத்தளத்தார் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

மர்ளியா உள்ளே போகுமுன் வாசலிலேயே நின்று ஒன்றைக் கேட்டாள். "பன்றி கின்றி ஒண்டும் இல்லத்தானே?"

"இது எங்களுக்குத் தவக்காலம் மர்ளியா அக்கா" என்றாள் கத்தரினா. "எந்த இறைச்சியும் அடுப்படிக்கு வராது. சட்டியும் புதுசு, நான் வாங்கிக் குடுத்தது."

முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்ன மேசை. அதன்மேல் சின்னச் சின்னக் கிண்ணங்கள், பிள்ளைகள் சோறாக்கி விளையாடுகிற சாமான்போல. ஒவ்வொருவருக்கும் இரண்டு குச்சி. லெய்லா அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கொண்டையில் செருகிக்கொண்டாள். பாக்கின் மனைவி மர்ளியாவின் முன்னால் முதல் கிண்ணத்தை வைத்தாள். தட்டையான முகம், அடுப்பில் சிவந்த கைகள். அந்தக் கைகளைப் பார்த்ததும் மர்ளியாவுக்குப் பயம் வந்தது. இது விளையாட்டுக்கு ஆக்குகிறவளின் கையல்ல.

முதல் கிண்ணத்தில் பச்சைத் தண்ணீரில் ஏதோ கொழகொழவென்று மிதந்தது. மர்ளியா உறிஞ்சினாள். "கடற்பாசி. இந்தக் களப்புப் பாசிதான். கொஞ்சம் மட்டிச் சதை. உள்ளி. கடைசியில நல்லெண்ணெய்."

பாக் மனைவியைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

"பாசியில சோத்துக்கு ஊத்திற ஆணமா?" என்றாள் பரீனா. "நாங்க நோம்புக்குச் சீனி போட்டுக் காய்ச்சிற சாமான் அல்லவா?"

அடுத்தது பொரித்த நெத்தலி. மர்ளியா இரண்டு விரலால் எடுத்து மென்றாள், புருவம் ஏறியது. "நெத்தலி. எள்ளு. அதோட சக்கரை."

"மீனுக்குச் சக்கரையும் பாசிக்கு உப்புமா? பாவம், எல்லாத்தையும் மாறிப் போட்டிருக்கு" என்றாள் லெய்லா. சொல்லிக்கொண்டே அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து முடித்துவிட்டாள்.

மூன்றாவதைக் கொண்டு வரும்போதே மூக்கு சுளித்தது. சிவப்பாய், புளித்து, நெடியடிக்கிற துண்டுகள். சாமியாரின் குசினிக்காரன் தோற்ற இடம் இதுதான் என்று கத்தரினா காதில் சொன்னாள். மர்ளியா கண்ணை மூடி மென்றாள். "முள்ளங்கி. மிளகாய்த்தூள், உள்ளி, இஞ்சி. அரிசிமாக் கஞ்சி ஒரு கரண்டி. ரெண்டு மூண்டு நாள் மண்பானையில புளிக்க விட்டிருக்கு." நின்றாள். இன்னும் ஏதோ இருந்தது. திரும்பவும் மென்றாள்.

மர்ளியா கண்ணைத் திறந்து, கொரியர்களைப் பார்க்காமல் கத்தரினாவைப் பார்த்தாள். "கத்தரினா, கொறுக்காய் கூடிப்போச்சு எண்டு போன மாசம் ஒரு கும்பளா மீன் ஜாடிய நான் திருப்பி அனுப்பினனே. அது இப்ப எங்க?"

கத்தரினாவின் முகம் மிளகாய்த்தூளைவிடச் சிவந்தது. "வீணாக்க மனம் வரல்ல அக்கா. இவங்களுக்குக் குடுத்திட்டன்."

பாக் கையைத் தட்டினான். "எங்க ஊரிலே உப்பு மீன் போட்டுத்தான் இது செய்யணும். எங்க மீன் பினாங்கிலே தீர்ந்து போச்சு. கத்தரினா பானை திறந்த நாள், இவ வாசம் பிடிச்சு அழுதுட்டா."

மர்ளியா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். தான் வேண்டாம் என்று திருப்பியதை வாங்கி ஒருத்தி அழுதிருக்கிறாள். அதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று கையைத் துடைத்துவிட்டு அகப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"முடியலே" என்றான் பாக். "கடைசியிலே ஒண்ணு இருக்கு. தேத்தண்ணி."

பித்தளைக் கோப்பைகளில் ஆவி பறக்க வந்தது. வெளிறிய தவிட்டு நிறம். பரீனா ஒரு வாய் குடித்தாள். "தேயிலை இல்ல. கோப்பியும் இல்ல. ஆனா எங்கயோ பழகின மாதிரி ஈக்கு" என்றாள்.

மர்ளியா கோப்பையை உதட்டுக்குக் கொண்டு போனாள். ஆவி மூக்கில் ஏறியது.

முருங்கை மரம் தெரிந்தது. பந்தலின் பின்பக்கம் தெரிந்தது. முப்பது வருடத்துக் கல்யாணங்கள் அத்தனையும் ஒரு கோப்பைக்குள் நின்று அவளைப் பார்த்துச் சிரித்தன.

இந்தக் கடலோரத்தில் வேறு எதையாவது மறந்தாலும் இந்த ருசியை அவள் நாக்கு மறக்காது. ஆனால் அதைச் சொல்வது எப்படி? கிடாரம் அடிப்பிடிக்காதவளுக்கு அடிப்பிடித்த சோற்றின் ருசி எப்படித் தெரியும்? தெரியாது என்று சொன்னால் அகப்பை போகும். தெரியும் என்று சொன்னால் மானம் போகும். அதன் பின்னாலேயே அகப்பையும் போகும்.

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே சித்தி லெய்லா தன் கோப்பையை மோந்துவிட்டு, குடிக்காமலே கீழே வைத்திருந்தாள். அவள் வீட்டில் மாதத்தில் நாலு தடவை வருகிற வாசம் அல்லவா? கொண்டையில் கொரியக் குச்சியோடு, சம்மாட்டியின் வலையில் பெரிய மீன் பட்டதுபோல உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்க மச்சி" என்றாள். "ஒங்கட நாக்குக்குத் தெரியாததா?"

மர்ளியா ஒரு வாய் குடித்தாள். நல்லாகத்தான் இருந்தது; அதுதான் கொடுமை. இன்னொரு வாய் குடித்தாள். பிறகு மெதுவாகப் பாக்கின் பக்கம் திரும்பினாள்.

"பாக்கர் நானா, ஒண்டு கேக்கட்டா? இது விருந்தாளிக்குக் குடுக்கிறதா, ஆக்கினவ ஒளிச்சிக் குடிக்கிறதா?"

"விருந்தாளிக்கு. இது இல்லேன்னா சாப்பாடு முடியலே."

"இது தானா வாறதா, வர வைக்கிறதா?"

பாக் அதை மனைவியிடம் கேட்டான். அந்தப் பெண் முதல் தடவையாகச் சிரித்தாள். மர்ளியாவை நேராகப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"அவ சொல்றா," என்றான் பாக், "கை பழகாத பெண்ணுக்குத் தானா வரும். கை பழகின பெண் வர வைப்பா."

மர்ளியாவின் இடது புருவம் ஏறி, உச்சியில் போய் நின்றது. கோப்பையை மேசையில் வைத்தாள்.

"சோறு" என்றாள். "அடியில பிடிச்ச சோத்துக்குமேல வெந்நீர் ஊத்தின தண்ணி. வேற ஒண்டும் இல்ல. ஒரு கல் உப்புப் போட்டா இன்னும் எடுப்பா ஈக்கும்."

பாக்கின் மனைவி கையைக் கொட்டினாள். லெய்லா அதற்காகவே காத்திருந்தவள்போல் எழும்பி நின்றாள்.

"பரீனா ராத்தா, கேட்டீங்களா? தீஞ்ச சோத்துத் தண்ணிக்கு எத்தின கல் உப்புப் போடணும் எண்டு வரைக்கும் மச்சிக்குத் தெரியிது. கிடாரம் ஒருநாளும் அடிப்பிடிக்காத ஆளுக்கு இது எங்கால தெரிஞ்சது?"

கடற்கரையில் அலை ஒன்று அடித்துவிட்டுப் போனது. பரீனா கோப்பையைப் பார்த்தாள், மர்ளியாவைப் பார்த்தாள். வெளியே ஹயாத்து முகம்மது கிழங்குத் தேத்தண்ணியை மூன்றாவது தடவையாக நிரப்பிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"என்ட கிடாரம் அடிப்பிடிக்கிறல்ல எண்டு யார் சொன்ன?" என்றாள் மர்ளியா.

"நீங்கதான். முப்பது வருசமா."

"நான் சொன்னது என்ன? 'தீஞ்ச சோறு கண்ட ஆள் ஈந்தா முன்னால வரட்டும்.' நீ கண்டியா?"

லெய்லா கொண்டையிலிருந்த குச்சிகளை உருவி மேசையில் வைத்தாள்.

"காணல்லத்தானே? எப்பிடிக் காணுவ? கண்டா எல்லாருக்கும் ஊத்தணும். முன்னூறு பேருக்கு அது காணாது. அதால முருங்க மரத்துக்குப் பின்னால நிண்டு நானே குடிச்சன்." மர்ளியா கோப்பையை எடுத்து மிச்சத்தையும் குடித்தாள். "கொறியாவில இது பெரிய விருந்து. கனமூலையில இத ஆக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நான். இவ்வளவு காலமும் நான் சொல்லல்ல, பெருமை பேசிறெண்டு நினைப்பீங்க எண்டு."

பரீனா சிரிக்கத் தொடங்கினாள். முக்காட்டால் வாயைப் பொத்தினாள். முக்காட்டுக்குள்ளும் சிரிப்பு நிற்கவில்லை. கத்தரினா மேசையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் பரீனா கண்ணைத் துடைத்துவிட்டு, "பந்தயம் நாக்குக்குத்தான், மானத்துக்கில்ல" என்றாள். "அகப்பை மர்ளியா ராத்தாட கையிலயே ஈக்கட்டும். ஆனா ஒண்டு. எங்கட கல்யாணத்தில கடைசியா எல்லாருக்கும் இந்தத் தேத்தண்ணி வேணும். ஒளிச்சிக் குடிக்காம."

"கல்யாணத்தில அடிச்சோறு குடிச்சா மழ வரும்" என்று லெய்லா முணுமுணுத்தாள்.

"வரட்டும். எங்கட தென்னைக்கு நல்லந்தானே."

புறப்படும்போது மர்ளியா கத்தரினாவிடம், "இனி நான் திருப்பி அனுப்பிற ஜாடியெல்லாம் அந்தப் பொம்பிளைக்கே குடு" என்றாள். கத்தரினா அதை ஏச்சாக எடுத்துக்கொள்வதா, உபகாரமாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் தலையாட்டினாள்.

திரும்புகிற பயணத்தைப் பற்றிக் கனமூலையில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். கடற்காற்று நல்லாக வீசியது என்பது ஒரு விதம். மற்றது, பாக்கர் நானாவின் கிழங்குத் தேத்தண்ணியை மூன்று கோப்பை குடித்த ஹயாத்து முகம்மது, பாயை விரிக்கப் பொறுக்காமல், அகப்பையின் துணியை உரித்தெறிந்துவிட்டு அதையே துடுப்பாகப் பிடித்து வலித்தார் என்பதும், வள்ளம் போன வேகத்தில் களப்பின் மீன்கள் வழி விட்டு ஒதுங்கின என்பதும். அகப்பையின் செம்புத் தலையில் அன்றைக்கு விழுந்த நெளிவு இன்னும் இருக்கிறது. பந்தயத்தின்படி லெய்லா வாயை மூட வேண்டியது பந்தலில் மட்டும்தான். ஆகவே வள்ளத்தில் அவள் வாய் ஓயவில்லை.

மௌலூது மாதம் பிறந்தது. ஹிஸ்புல்லா வீட்டு முற்றத்தில் பந்தல். நெய்ச்சோற்றுக் கிடாரங்கள் ஒரு பக்கம். அவற்றுக்குத் தள்ளி, தேத்தண்ணிக்கென்று தனியாக ஒரு கிடாரத்தில் வெள்ளைச் சோறு. கொரியாத் தேத்தண்ணி என்ற பேச்சு புத்தளம் வரைக்கும் போய், அதற்காகவே வந்தவர்களும் பந்தியில் இருந்தார்கள்.

மர்ளியா அகப்பையை ஊன்றி நின்று தணல் போட்டாள். பிஸ்மில்லாஹ் சொல்லித் திறந்தாள். கிண்டிப் பார்த்தாள். அடிவரைக்கும் சோறு மல்லிகைப்பூப்போல வெள்ளையாக இருந்தது. ஒரு பருக்கை ஒட்டவில்லை.

இன்னும் தணலைத் தள்ளினாள். திறந்தாள். மல்லிகைப்பூ. விறகையே ஏற்றினாள். பக்கத்தில் குந்தி, கண் இமைக்காமல், வாசம் வருகிறதா என்று மோந்துகொண்டிருந்தாள். முப்பது வருடம் வேண்டாம் வேண்டாம் என்ற நாளிலெல்லாம் கேட்காமல் வந்தது, வேண்டும் என்று பார்த்திருந்த இந்த ஒரு நாளில் வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. பார்த்துக்கொண்டிருந்தால் சோறு எப்படித் தீயும்? அங்கே நெய்ச்சோறு முடிந்து, சவன்கள் கழுவப் போய்க்கொண்டிருந்தன. பரீனா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாள்.

பந்தலின் மூலையில் சித்தி லெய்லா வாயை இறுக மூடியபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு சொல் பேசவில்லை. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் வாய் திறந்துவிடும்.

மர்ளியா நடந்து போய் அவளுக்கு முன்னால் நின்றாள்.

"எழும்பு புள்ள" என்றாள் மர்ளியா. அகப்பையை நீட்டினாள். "அந்தக் கிடாரம் ஒன்ட."

லெய்லா வெங்காயக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினாள். கித்துள் காம்பை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். போய்க் கிடாரத்தடியில் நின்றாள். ஆனாலும் வாய் திறக்கவில்லை, வாக்கு வாக்குத்தான்.

"கதை" என்றாள் மர்ளியா.

லெய்லா புருவத்தைச் சுருக்கினாள்.

"கதை புள்ள. வாயத் திறந்து கதை. இல்லாட்டி இது தீயாது."

அவ்வளவுதான். களப்பின் அணை உடைந்தது. தலவிலையில் மணலில் குந்தியதில் தொடங்கினாள் லெய்லா. இரி வா சொன்ன மனிதன், சீனி போட்ட நெத்தலி, அழுத கொரியாக்காரி. வெங்காயம் உரித்தவர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்கள். சவன் கழுவியவர்கள் நனைந்த கையோடு வந்தார்கள். முருங்கை மரத்துக்குப் பின்னால் முப்பது வருடம் நின்று குடித்த கட்டத்துக்கு லெய்லா வந்தபோது, மர்ளியாவின் உதட்டுச் சுழிப்பையும் கள்ளப் பார்வையையும் அப்படியே செய்து காட்டினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மர்ளியாவும் சிரித்தாள்; அதுவரைக்கும் இதைத் தன்னைவிட நல்லாக யாராலும் சொல்ல முடியாது என்றுதான் அவள் எண்ணியிருந்தாள்.

யாருமே அடுப்பைப் பார்க்கவில்லை.

முதலில் மூக்கை நிமிர்த்தியது மர்ளியாதான். இளம் பொன்னாய், பிறகு செம்பொன்னாய், அந்த வாசம் பந்தலைச் சுற்றி வந்தது. "ஊத்து" என்றாள். லெய்லா வெந்நீரை ஊற்றினாள்; கிடாரம் சீறியது. பந்தியில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

லெய்லா அகப்பையின் நுனியில் ஒரு வாய் ருசி பார்த்தாள். திரும்பிக் கேட்டாள்: "மச்சி, ஒரு கல் உப்புப் போடவா?"

"போடு" என்றாள் மர்ளியா.

அப்போதுதான் பந்தலின் ஓலையில் முதல் துளி விழுந்த சத்தம் கேட்டது.